வாசலில் கழற்றிய சப்பாத்துகள்

டெஸ்மன்ட் அங்கிள் கொழும்பில் தன் வீட்டை விட்டு ஓடியது வெறுங்காலோடு. 1983 ஜூலை 25, திங்கட்கிழமை. வெள்ளவத்தையில் அவர்கள் இருந்த ஒழுங்கைக்குள் தமிழர் வீடுகளை எரிக்க ஆட்கள் பெற்றோல் கலன்களோடு நுழைந்தபோது, அவரும் மனைவி பற்றிமாவும் பின்மதிலால் ஏறிக் குதித்தார்கள். "நீங்கள் போங்கோ அண்ணை, நான் கதவைப் பூட்டிப்போட்டு வாறன்" என்றார் தம்பி ஏசுதாசன். அவர் வரவில்லை.

சில நாள் கழித்து, அகதி முகாமிலிருந்து பொலிஸ் துணையோடு அங்கிள் திரும்பிப் போனார். கூரை இல்லை. சுவர்கள் கரிந்து நின்றன. ஆனால் முன்வாசல் படியில் செருப்புகள் கழற்றி வைத்தபடியே இருந்தன. ஏசுதாசனுடைய செருப்பும் இருந்தது. வாசலில் செருப்புக் கிடந்தால் ஆள் உள்ளே நிற்கிறார் என்றுதான் எங்கள் வீடுகளில் அர்த்தம். அந்தக் கூரையில்லாத வீட்டைப் பார்த்து அங்கிள் தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாராம். கூட வந்த பொலிஸ்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உடல் கிடைக்கவே இல்லை.

சிட்னியில், கிரவீனில், எங்கள் பக்கத்து வீட்டுக்கு அவர்கள் வந்தது 1986இல். பரமட்டாவில் ஒரு கட்டடக்கலை அலுவலகத்தில் அங்கிளுக்குப் படவரைஞர் வேலை. கத்தோலிக்கர்கள். நவம்பர் இரண்டாம் தேதி, இறந்தவர்களின் நாளுக்கென்று பற்றிமா அன்ரி மெழுகுதிரி வாங்குவார். கொண்டுபோய் ஏற்றக் கல்லறை இல்லாததால் அது மேசை லாச்சிக்குள் கிடக்கும்.

1992இல் அந்த அலுவலகத்துக்கு ஒரு வேலை வந்தது. நகரின் கிழக்கே ஒரு பழைய செங்கல் மண்டபத்தை, நாசி முகாம்களில் கொல்லப்பட்ட யூதர்களுக்கான நினைவகமாக மாற்ற வேண்டும். கட்டடக் குழுவில் இலோனா என்றொரு பெண் இருந்தார். ஹங்கேரியிலிருந்து பதினேழு வயதில் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டு, குடும்பத்தில் ஒரே ஒருவராக மீண்டவர். கசகசா கேக்கோடு அலுவலகத்துக்கு வந்து, அங்கிளின் மேசையருகே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நடைபாதையின் வரைபடத்தைப் பார்ப்பார்.

"உன் சுவர்கள் ரொம்ப மரியாதையாக நிற்கின்றன, டெஸ்மன்ட். எனக்கு மரியாதை வேண்டாம். இன்னும் ஒடுக்கு."

"இதற்கு மேல் ஒடுக்கினால், உங்கள் கேக்கைச் சாப்பிட்டு நான் அதற்குள் போக முடியாது."

"அப்படியானால் அளவு சரி."

அந்த நடைபாதை அப்படித்தான் பிறந்தது. ஜன்னல் கிடையாது. போகப் போக இரண்டு சுவர்களும் நெருங்கி வரும். கைகோர்த்து நடக்க முடியாது. பின்னால் ஆள் வந்தால் திரும்பவும் முடியாது. அதன் முடிவில் பெயர்களின் அறை. சுவரெல்லாம் இறந்தவர்களின் பெயர்கள், நடுவில் அணையாத விளக்கு.

அந்த அறையின் வாசலருகே, முழங்கால் உயரத்தில், அங்கிள் சுவருக்குள் ஒரு மாடம் வரைந்தார். அது பை வைக்க என்று ஆர்க்கிடெக்ட் நினைத்தார். வெளிச்சம் அமைத்தவர், ஏதோ காட்சிப் பொருளுக்கு என்று நினைத்து உள்ளே ஒரு சின்ன விளக்கையும் பூட்டிவிட்டார். எதற்கு என்று அங்கிளை யாரும் கேட்கவில்லை. ஊரில் தாங்கள் மடு மாதா கோவிலுக்குள் வெறுங்காலோடு போவதைப் போலத்தான் இந்த அறைக்குள்ளும் எல்லோரும் போவார்கள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

அன்ரியிடம் மட்டும் ஒன்று சொல்லியிருந்தார். "திறக்கிற அண்டைக்கு அந்த அறைக்குள்ளை நிண்டு தம்பிக்கும் ஒரு செபம் சொல்லப்போறன். ஆருக்குத் தெரியப்போகுது?"

"சொல்லுங்கோ. அந்தச் சுவரிலை பேர் இருக்கிறவை கோவிக்கமாட்டினம். எங்களுக்கும் வேறை இடம் எங்கை கிடக்கு?"

1994இல் திறந்தார்கள். எனக்குப் பதினொரு வயது. அங்கிள் அழைத்து, கிரவீனிலிருந்து ஏழெட்டுக் குடும்பங்கள் போனோம். மாடத்தைக் கண்டதும் மலேசியாவிலிருந்து வந்த மனோரமா அன்ரிக்கு ஒரே சந்தோஷம்.

"பாத்தீங்களா, செருப்பு வைக்கக்கூட இடம் கட்டியிருக்காங்க!"

"அது என்ரை வேலை" என்றார் அங்கிள், கழுத்துப் பட்டியைச் சரிசெய்துகொண்டு.

எல்லோரும் கழற்றினோம். மாடம் நிரம்பிவிட்டது. என் வெள்ளைச் சப்பாத்தைக் குவியலின் மேலே வைத்தேன்.

உள்ளே அங்கிள் ஒரு மூலைக்குப் போய்ச் சிலுவை போட்டுக்கொண்டு செபத்தைத் தொடங்கியிருந்தார். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. அழுகை என்று சொல்ல முடியாது. மூச்சு உள்ளே இழுபட்டு வெளியே வராமல் நின்ற சத்தம்.

நடைபாதையின் முடிவில் இலோனா நின்றார். அவர் எதிரே, சுவருக்குள், விளக்கு வெளிச்சத்தில், சப்பாத்துக் குவியல். உச்சியில் ஒரு பிள்ளையின் சப்பாத்து. அவர் திரும்பிப் போகப் பார்த்தார். பின்னால் விருந்தினர்கள் நெருக்கிக்கொண்டு வந்தார்கள். அவரே கேட்டு ஒடுக்கவைத்த சுவர்கள் அவரைத் திரும்ப விடவில்லை.

"யார் வைத்தது? இதை இங்கே யார் வைத்தது?"

அங்கிள் வெறுங்காலோடு வெளியே ஓடிவந்தார், பின்னாலேயே நானும். "இலோனா, அது எங்களுடையது. நாங்கள் உள்ளேதான் நிற்கிறோம்."

இலோனா அவருடைய கால்களைப் பார்த்தார். பிறகு என் கால்களைப் பார்த்தார்.

"எடு. எல்லாவற்றையும் எடு."

அங்கிள் முழந்தாளிட்டுச் சப்பாத்துகளை நெஞ்சோடு வாரினார். அவை ஒவ்வொன்றாக நழுவி விழுந்தன. பொறுக்க ஒருவரும் குனியவில்லை, அவ்வளவு திகைத்துப்போய் நின்றோம்.

அடுத்த கிழமையே மாடத்தை அடைத்துப் பூசிவிட்டார்கள். திருத்திய படத்தை வரைந்து கொடுத்தவரும் அங்கிள்தான். அதன் பிறகு அவர் அங்கே போகவில்லை. இலோனாவோடு பேசவும் இல்லை. தன் வீட்டு வாசலிலும் சப்பாத்துக் கிடக்க விடமாட்டார். "வந்த ஆள் கதிரையிலை இருக்க முன்னம் செருப்பைத் தூக்கிக்கொண்டு அலுமாரிக்கு ஓடுது இந்த மனுசன்" என்று அன்ரி பகிடியாகச் சொல்வார். மெழுகுதிரி பிறகும் லாச்சிக்குள்ளேயே கிடந்தது.

நான் வளர்ந்து, ஒரு வேலையிலும் நிலைக்காமல், முதுகில் பையோடு ஊர் ஊராகத் திரிந்தேன். 2007இல் போலந்தில் ஒரு முகாமில் கண்ணாடிக்குப் பின்னால் அவற்றைப் பார்த்தேன். சப்பாத்துகள். கொல்லப்பட்டவர்களின் கால்களிலிருந்து கழற்றியவை, ஒரு அறை முழுக்க, கூரையைத் தொடுகிற அளவுக்கு. வெள்ளையாக ஒன்று முன்னால் கிடந்தது. வெளியே வந்து அங்கிளுக்குப் போன் எடுத்தேன்.

"அங்கிள், முகாமிலை இருக்கிற இந்தச் சப்பாத்துக் குவியல் உங்களுக்கு அப்பவே தெரியாதோ?"

"தெரியும் பிள்ளை. எத்தினை படம் பாத்தனான். ரெண்டு வருசம் என்ரை மேசையிலை கிடந்தது. ஆனா வாசலிலை கழட்டி வைக்கிற சப்பாத்து வேறை எண்டு நினைச்சுப்போட்டன்."

வெள்ளவத்தைப் படியைப் பற்றி அவர் எனக்குச் சொன்னது அன்றைக்குத்தான்.

2009 மார்ச்சில் சிட்னிக்குத் திரும்பினேன். அந்த நினைவகத்துக்குப் போனேன். எண்பத்திரண்டு வயதிலும் இலோனா பார்வையாளர்களுக்கு வழிகாட்டிக்கொண்டிருந்தார். ஏசுதாசனையும், படியில் கிடந்த செருப்பையும், பாதியில் நின்ற செபத்தையும் சொன்னேன். பூசியிருந்த சுவரில் கையை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கு அவன் சொல்லவே இல்லையே" என்றார். அதற்குள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வர, அவர்களோடு போய்விட்டார்.

மே மாதம் வன்னிக் கடற்கரையில் எல்லாம் முடிந்தது. அங்கேயிருந்த பற்றிமா அன்ரியின் தங்கை குடும்பத்தைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. தெரிந்த எல்லோருக்கும் போன் எடுத்தோம். அங்கிள் டிவியை நிறுத்தவும் இல்லை, அதைப் பார்க்கவும் இல்லை.

ஜூனில் ஒருநாள், நாங்கள் குசினிக்குள் நின்றபோது, முன்னறையில் போன் அடித்து ஓய்ந்தது. பதிவுக் கருவியில் ஒரு பெண் குரல். கையிலிருந்த கோப்பையை வைக்காமலே அங்கிள் அசையாமல் நின்றார்.

"டெஸ்மன்ட், நான் இலோனா. உங்கள் ஆட்களைச் செய்தியில் பார்த்தேன். அந்த மாடத்தை உடைத்துத் திறந்தாகிவிட்டது. குழுவோடு சண்டை போட்டுத்தான். ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் கூட்டிக்கொண்டு வா. சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய், உன் தம்பிக்கான செபத்தைச் சொல்லி முடி. நான் வெளியே கதிரை போட்டு, அவற்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். நீங்கள் எல்லோரும் திரும்பி வந்து போட்டுக்கொள்ளும்வரை."