கன்னி மூலையில் சப்வூஃபர்

காலை பத்து இருபது. கதவைத் தாண்டியதும் முதலில் கண்ணில் பட்டவை சாமி படங்கள். சுவரில் ஆணிகள் மட்டும் இருந்தன. படங்கள் சோபாவின் ஒரு முனையில் அடுக்கப்பட்டிருந்தன. ஷோகேஸ் கண்ணாடிக் கதவுகளின் இடுக்கில் மடித்த அட்டைத் துண்டுகள். சப்வூஃபர் எந்த மூலையில் இருக்கிறது என்று நான் கேட்கவே தேவைப்படவில்லை. ஆணிகள் இருந்த இரண்டு சுவர்களும் சேரும் இடத்தைப் பார்த்தேன். அங்கேதான் இருந்தது, மஞ்சள் குங்குமப் பொட்டோடு.

மலேசியாவில் சபாக் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தின் குடியிருப்பு அது. என் கடை புஞ்சாக் ஆலாமில். வீடுகளில் நல்ல ஸ்டீரியோ பூட்டிக் கொடுப்பது என் தொழில். அதிலும் ஏற்கெனவே இருக்கும் ஸ்பீக்கர்களோடு 'பேஸ்' எனும் கனத்த கீழ் ஒலியை எழுப்பும் சப்வூஃபர் பெட்டியைச் சேர்த்துவைக்கும் வேலைக்கு என்னைத் தேடி வருவார்கள். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் "சப் பூட்டுவதில் என்ன இருக்கிறது, வயரைச் சொருகினால் சத்தம் வரும்" என்கிறார்கள். சத்தம் வரும். அந்த வீட்டிலும் வந்தது.

இரண்டு பேர்

வீட்டுக்காரி மகேஸ்வரி, தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. பெண்கள் மட்டுமே இருந்த ஒரு உருமி மேளக் குழுவில் உருமி வாசித்தவர். மோட்டார் சைக்கிள் விபத்தில் இடது மணிக்கட்டு உடைந்து, உள்ளே தகடு வைத்திருக்கிறார்கள். கைவேலை எல்லாம் முடிகிறது. உருமி முடியாது. உருமியின் வலது முகத்தில் நேர்க்குச்சியால் அடிப்பார்கள். இடது முகத்தில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்பில்தான் மிருகம் உறுமுவது போன்ற ஒலி வரும். தேய்க்க மணிக்கட்டு வேண்டும்.

விபத்துக்கு முன் கடைசியாக அவர் வாசித்த திருவிழாவை யாரோ நல்ல மைக் வைத்துப் பதிவு செய்திருந்தார்கள். அதைக் கேட்கத்தான் இந்த ஸ்பீக்கர்களை வாங்கினார். சின்ன உடம்பும் சுத்தமான குரலும் கொண்ட, ஸ்டாண்டில் நிற்கும் ஜோடி. அடி ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்டது, உறுமலின் அடிப்பகுதி வரவில்லை. எனவே சப் வாங்கினார். வேறு ஒருவர் வந்து பூட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். அதன் பிறகுதான் அதிர்வுக்குப் பயந்து சாமி படங்கள் சோபாவுக்கு வந்தன.

கதவோரம் துணி சுற்றிய உருமி ஒன்று இருந்தது. சுங்கை பெசாரில் புதிதாகத் தொடங்கிய ஒரு பெண்கள் குழு அதைக் கேட்டிருக்கிறது. மகேஸ்வரியும் தருவதாகச் சொல்லிவிட்டார்.

"ரெண்டு வாட்டி ஆளு வந்துட்டுப் போயாச்சுக்கா," என்றார் அவர் கணவர் தேவராஜ். செம்பனை எண்ணெய் மில்லில் ஃபிட்டர். "இவ குடுக்க மாட்டேங்கிறா."

"குடுப்பேன். என் கை எப்படி இருந்துச்சுன்னு ஒரு தடவ ஒழுங்கா கேட்டுட்டுக் குடுக்கிறேன். கேக்காம எப்படிங்க குடுக்கிறது?"

"இந்தப் பொட்டில கேக்கலயா? சபாக் டவுனுக்கே கேக்குதே லா."

"அது நான் இல்ல. கேளுங்கக்கா, நீங்களே கேளுங்க."

கேட்டேன். உருமியின் உறுமல் ஒரே இடத்தில் நிற்காது. மேலே தொடங்கி, வழுக்கிக்கொண்டு கீழே இறங்கும். மேல் பாதி முன்னால் இருந்த ஸ்பீக்கர்களிலிருந்து வந்தது. கீழ்ப் பாதி எங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. சுவர்களும் கூடச் சேர்ந்து முழங்கின. அடி நின்ற பிறகும் முழக்கம் நிற்கவில்லை.

"ரெண்டு பேரு," என்றார் மகேஸ்வரி. "வலது கை ஒருத்தி. எடது கை வேற எவளோ. தாளம் தெரியாதவ."

இதைவிடத் துல்லியமாக யாரும் என்னிடம் குறை சொன்னதில்லை. பொதுவாக "பேஸ் பத்தல" அல்லது "பேஸ் ஜாஸ்தி" என்பார்கள். இவர் தையல் எங்கே பிரிந்திருக்கிறது என்றே காட்டிவிட்டார்.

தவழ்தல்

சப்பை மூலையிலிருந்து எடுக்க வேண்டும் என்றேன். தேவராஜ் எழுந்து நின்றுவிட்டார்.

"முடியாதுக்கா. அது கன்னி மூல. வீட்டுல கனமான சாமான் அங்கதான் இருக்கணும். வாஸ்து பாத்துத்தான் வச்சேன். அத வச்ச மாசந்தான் எனக்கு ஓவர்டைம் கெடச்சுச்சு."

மூலையில் வைத்த சப் இரண்டு சுவர்களையும் தரையையும் பிடித்துக்கொண்டு பெரிதாக முழங்கும். முன்பு பூட்டியவருக்கு அது வசதியாக இருந்திருக்கும். சத்தம் பெரிதாக வந்ததும் வேலை முடிந்தது என்று போயிருப்பார். இதை தேவராஜிடம் விளக்கினால் அரை நாள் போகும். நான் வேறு கேள்வி கேட்டேன்.

"கனந்தான வேணும்? இந்தப் பொட்டிய விட கனமா வீட்டுல என்ன இருக்கு?"

மகேஸ்வரி சமையலறையிலிருந்தே சொன்னார். "ஆட்டுக்கல்லு. இவங்க அம்மா குடுத்தது. மாவு ஆட்டி எத்தன வருசமாச்சு, தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல சும்மா கெடக்குது."

தேவராஜ் போய் அதை உருட்டிக்கொண்டு வந்தார். துடைத்து மூலையில் வைத்து, அதற்கும் பொட்டு வைத்தார். சப் விடுதலையானது.

அடுத்து நான் சப்பைத் தூக்கி சோபாவில், மகேஸ்வரி உட்காரும் இடத்தில் வைத்தேன். பதிவைப் போட்டுவிட்டு, முட்டி போட்டுச் சுவரோரம் தவழத் தொடங்கினேன்.

"எதக்கா தொலச்சிட்டீங்க?"

"பேஸ தேடுறேன், தம்பி."

இது பழைய முறை. கேட்பவர் இடத்தில் சப் பாடினால், அறையில் எந்த இடத்தில் அது நன்றாகக் கேட்கிறதோ அந்த இடத்தில் சப்பை வைத்து, கேட்பவர் சோபாவுக்குப் போகலாம். அறை இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். என் மடிக்கணினியில் மைக் வைத்து அளக்கும் மென்பொருளும் இருக்கிறது. அதையும் பயன்படுத்துவேன். முதலில் தவழ்வேன். மைக் ஓர் இடத்தில் நிற்கும், காது அறை முழுவதும் போய் வரும்.

கதவோரம் உறுமல் வீங்கியது. ஜன்னலுக்குக் கீழே இல்லாமலே போனது. முன் சுவரில், வலது ஸ்பீக்கருக்கும் சமையலறை வாசலுக்கும் நடுவே காதை வைத்தபோது, தேய்ப்பு மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரே கனத்தில் இறங்கியது. அங்கே தரையில் சாக்பீஸால் கோடு போட்டேன். மைக்கில் அளந்து பார்த்ததும் அதே இடத்தைத்தான் காட்டியது.

இல்லாமல் போகும் இடம்

சப் புது இடத்துக்குப் போனது. முன்பு பூட்டியவர் கிராஸ்ஓவரை மிக மேலே வைத்திருந்தார். கிராஸ்ஓவர் என்பது ஸ்பீக்கரின் வேலை முடிந்து சப்பின் வேலை தொடங்கும் எல்லை. எல்லை மேலே போனால் சப் ஆண் குரலில் பாதியைப் பாடத் தொடங்கும், அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று காது கண்டுபிடித்துவிடும். ஸ்பீக்கர்கள் எதுவரை களைக்காமல் இறங்குகின்றன என்று பார்த்து, எல்லையைக் கீழே கொண்டுவந்தேன்.

மிச்சம் இருந்தது ஃபேஸ். ஸ்பீக்கரின் கூம்பு முன்னே தள்ளும்போது சப்பின் கூம்பும் அதே நேரத்தில் தள்ள வேண்டும். ஒன்று தள்ளி மற்றது இழுத்தால் எல்லைக் கோட்டில் ஒலி செத்துப்போகும். எது சரி என்று நேராகத் தேடினால் ஏமாறுவோம். அதிகச் சத்தத்தின் உச்சியைக் காது சரியாகப் பிடிக்காது, சத்தம் அறவே விழுந்துபோகும் இடத்தைச் சட்டென்று பிடித்துவிடும். எனவே சப்பை வேண்டுமென்றே பிளஸ் மைனஸ் மாற்றி, தலைகீழாக இணைத்தேன். எல்லையில் உள்ள ஒரே ஸ்வரத்தை விடாமல் ஒலிக்கவிட்டேன். தேவராஜ் சப்பின் பின்னால் உட்கார்ந்து ஃபேஸ் குமிழைத் திருப்ப, மகேஸ்வரி சோபாவில் கேட்டு, சத்தம் விழும் இடத்தைச் சொல்ல வேண்டும்.

"மெதுவா திருப்புங்க. போல்ட்டு முறுக்கிற மாதிரி இல்ல."

"எனக்குத் தெரியும், நீ கேளு."

"கொறையுது... கொறையுது... இன்னும்... ஆங், போயிருச்சு!"

"ஏங்கக்கா," என்றார் தேவராஜ், "கேக்கணும்னு உங்கள கூப்பிட்டா, கேக்காம பண்றதுக்கா இவ்வளவு பாடு?"

இணைப்பை நேராக்கினேன். செத்துப்போன ஸ்வரம் அறை நடுவில் எழுந்து நின்றது. தேவராஜ் குமிழிலிருந்து கையை எடுத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பதிவை மீண்டும் போட்டோம். மகேஸ்வரி ஓர் ஆட்டம் முழுவதும் கேட்டார்.

"இப்ப ஒரே ஆளு."

எனக்கு மூச்சு வந்தது.

"ஆனா அந்த ஆளு குண்டா இருக்கா. நான் அவ்வளவு குண்டு இல்ல."

"அது எந்த வருசங்கிறதப் பொறுத்து," என்றார் தேவராஜ்.

"நீங்க பேசாதீங்க."

சப்பின் அளவைக் குறைத்தேன். இன்னும் குறைத்தேன். நிறைய பேர் இந்த இடத்தில் தயங்குவார்கள். விலை கொடுத்து வாங்கிய பெட்டி, கேட்க வேண்டாமா என்று கொஞ்சம் கூட்டியே வைப்பார்கள். நான் அப்படி வைப்பதில்லை.

மகேஸ்வரி முன்னால் சாய்ந்தார். "அக்கா, பொட்டிய ஆஃப் பண்ணிட்டீங்களா? ஸ்பீக்கர்லதான் எல்லாம் வருது."

"வந்து தொட்டுப் பாருங்க."

அவர் வந்து சப்பின் மேல் உள்ளங்கையை வைத்தார். பெட்டி துடித்துக்கொண்டிருந்தது. நான் சுவிட்சை அணைத்தேன். உருமி தகர டப்பாவாகிவிட்டது. மறுபடியும் போட்டேன். தரை திரும்பி வந்தது.

இந்தத் தொழிலில் நான் பெருமைப்படுவது இந்த ஒரு கணத்துக்காகத்தான். இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடிய பாடமும் இதுவே. சப்வூஃபர் இருப்பது தெரியக் கூடாது. அணைத்தால் மட்டும் தெரிய வேண்டும். அதுவரை சாமான்களைக் காரில் ஏற்றாதீர்கள்.

மகேஸ்வரி சோபாவுக்குத் திரும்பினார். பதிவில் ஆட்டம் வேகமெடுக்கும் இடம் வந்தது. வலது கை அடித்து விலக, இடது கை அதன் வாலைப் பிடித்துக்கொண்டு கீழே இழுத்துப் போனது, எங்கும் ஆள் மாறாமல்.

"நான்தான்," என்றார். கணவர் பக்கம் திரும்பி, "நல்லாத்தான் அடிச்சிருக்கேன், என்னங்க?"

"அன்னைக்கே சொன்னேனே," என்றார் தேவராஜ். "நீ எங்க கேட்ட."

தேவராஜ் சாமி படங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆணிகளில் மாட்டினார். ஷோகேஸ் இடுக்கிலிருந்த அட்டைத் துண்டுகளை உருவி எடுத்தார். பதிவு முழு ஒலியில் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடி அசையவில்லை.

அந்தச் சனிக்கிழமை சுங்கை பெசாரிலிருந்து ஆள் வந்தார். மகேஸ்வரி துணியை அவிழ்த்து, வார்களை இறுக்கி, உருமியைக் கொடுத்தார்.