வெயிலை விழுங்கும் வில்லை

ராமநாதபுரத்தில் நான் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த கல்லூரியில் என்னுடன் சேர்ந்தவள் ஒரு தீவுக்காரி. அப்பாவும் அண்ணன்களும் கடலுக்குப் போகிறவர்கள். எங்கள் இருவருக்கும் ஒரே வேலை. வெயிலில் இருக்கும் எல்லா நிறங்களையும், கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிரையும், திருப்பி அனுப்பாமல் விழுங்கிச் சூடாகும் ஒரு படலத்தை வடிவமைக்க வேண்டும். தலைமுடியின் தடிமனைவிடப் பல மடங்கு சிறிய உலோக வளையங்களை நெருக்கமாகப் பதித்தால் அது நடக்கும். வளையத்தின் அளவு மாறினால் அது பிடிக்கும் ஒளியும் மாறும். கணினியில் வரைந்து, கணக்குப் போடவிட்டு, எந்த நிறம் எவ்வளவு விழுங்கப்படுகிறது என்று காட்டும் வளைகோடு வரக் காத்திருப்போம்.

அந்தச் சூட்டில் கடல்நீரை ஆவியாக்கிக் குடிநீர் எடுக்க வேண்டும் என்பது அவள் ஆசை. தண்ணீர் லாரிக்காக அம்மா குடத்தோடு நிற்பதைப் பார்த்து வளர்ந்தவள்.

எங்கள் வளைகோட்டில் ஒரு பள்ளம் இருந்தது. அந்த இடத்தில் மட்டும் ஒளி தப்பிப் போய்க்கொண்டே இருந்தது. அதோடு மல்லுக்கட்டிய மாதங்களில்தான் அவளுக்கு அடிக்கடி காய்ச்சல் வந்தது. மதுரையில் ரத்தப் புற்றுநோய் என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் தலையைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தாள். நான் உட்காரும் முன்பே கேட்டாள்.

"பள்ளம் மூடுச்சா?"

"இல்லடி. அத விடு. என்ன சாப்பிட்ட?"

"வளையத்த முழுசா வைக்காத. ஒரு எடத்துல வெட்டி விட்டுப் பாரு. படுத்துக்கிட்டு அதத்தான் யோசிச்சேன்."

வெட்டிப் பார்த்தேன். பள்ளம் ஏறக்குறைய மறைந்தது. படமெடுத்து அனுப்பினேன். 'வந்து பாக்குறேன்' என்று பதில் வந்தது. அவள் வரவில்லை.

படலத்தின் மாதிரியை வெளியூர் ஆய்வகம் ஒன்றில் செய்து வாங்கினேன். நகத்தளவு வில்லை; அடர்ந்த கறுப்பு. அளந்தபோது எங்கள் கணக்கோடு ஒத்துப்போனது. யாரிடம் சொல்வது என்று தெரியாமல் கருவியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு கடற்கரையில் வைத்துப் பார்த்தேன். உப்புக் காற்றில் படலம் ஓரத்திலிருந்து உரியத் தொடங்கியது.

எங்கள் கட்டுரை அச்சானதும் ஒரு பிரதியோடு தீவுக்குப் போனேன். மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த அவள் அம்மா கையைக் கழுவித் துடைத்துவிட்டு வாங்கினார்.

"இத வச்சுத் தண்ணி எடுத்துரலாமா?"

"இன்னும் முடியலம்மா. உப்பு தாங்க மாட்டேங்குது. வேற பூச்சு பாத்துக்கிட்டு இருக்கேன்."

"அவ பேரு எங்கன இருக்கு?"

விரல் வைத்துக் காட்டினேன். பெயரின் ஓரத்தில் சிறிய குறி ஒன்று இருந்தது. குனிந்து பார்த்தார்.

"சிலுவ போட்டிருக்காகளே. நாங்க வேதக்காரவுகன்னு தெரிஞ்சா போட்டாக?"

"இல்லம்மா. எறந்துபோனவங்க யாரா இருந்தாலும் அந்தக் குறி போடுவாங்க."

தாளைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார்.

"அப்ப, இதப் படிக்கிற அம்புட்டுப் பேருக்கும் தெரியும், அவ இல்லன்னு."

"ஆமாம்மா."

தாளை மடிக்காமல் உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்றார். சாப்பிட்டேன். அவர் சாப்பிடவில்லை.