சித்தியின் ஒருவேளை

மருந்துக்கடை கவுன்டரில் நிற்கும் என் சித்திக்கு ஒரு பழக்கம். மாத்திரையைக் கொடுத்துக் காசு வாங்கிய பிறகும், படியிறங்குகிற ஆளைக் கூப்பிடுவாள்: "ஒரு நிமிஷம், அந்தக் கவரைக் காட்டுங்க." நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே பார்க்கிறேன். கவரின் மேல் 'இரவு ஒரு வேளை' என்று எழுதுவது அவள்தான். எழுதி முடித்ததும் அந்த 'ஒரு வேளை' அவள் தலைக்குள் 'ஒருவேளை'யாக ஒட்டிக்கொண்டுவிடும். ஒருவேளை மாற்றிக் கொடுத்துவிட்டேனோ? ஒருவேளை ஒத்துக்கொள்ளாமல் போனால்?

"ஒருவேளை, டீ கிடைக்குமா?" என்று அதையே பேராக்கிச் சித்தப்பா சீண்டுவார்.

"கிடைக்கும், ஒருவேளை" என்பாள்.

அன்று கடையில் கூட்டம் நெரித்தது. ரத்த அழுத்த மாத்திரை வாங்கிய பூட்டு ரிப்பேர்க்காரரைத் திரும்பக் கூப்பிட முடியவில்லை. கூட்டம் வடிந்ததும் சித்திக்குத் தொடங்கியது. வீரியம் குறைந்த அட்டையும் கூடிய அட்டையும் ஒரே நீலம். எதைக் கொடுத்தோம்? ராத்திரி சாப்பிட்டதும் போட்டுக்கொள்வாரே. மயங்கி விழுந்தால்?

கல்லூரி முடிந்து நான் போனபோது, அதே டிராயரைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"போன் போட்டீங்களா சித்தி?"

"மணி அடிக்குது, எடுக்கல."

"பின்னாடி தெருதானே. போய்ப் பாத்துட்டு வந்துடலாமே?"

"போயி, தப்புதான்னு ஆயிட்டா?"

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி ஏறியவள் நான், படிப்பது உளவியல். சுழலும் எண்ணங்களைப் பற்றியும், அவற்றைச் சுமந்தபடியே வேண்டியதைச் செய்கிற மன நெகிழ்வைப் பற்றியும் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அப்போது வாயில் வந்ததென்னவோ, "அதையே நினைக்காதீங்க" என்பதுதான்.

"முடிஞ்சா நினைக்காம இருக்க மாட்டேனாடி?"

கல்லாவிலிருந்த முதலாளி தலையைத் தூக்கினார். "அம்மா, இங்க நின்னு நினைக்கிறத நடந்துகிட்டே நினைங்க. டிராயராவது பிழைக்கும்."

சித்தி சரியான அட்டை ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். வழியெல்லாம் முணுமுணுப்பு. ஆனாலும் கால் நிற்கவில்லை.

ரிப்பேர்க்காரர் சாப்பிடக் கை கழுவிக்கொண்டிருந்தார். "அடடே, கடையே வீட்டுக்கு வந்துடுச்சே!"

சித்தி கவரை வாங்கிப் பிரித்தாள். வீரியம் கூடிய அட்டை. முகம் வெளுத்துவிட்டது. தன் தப்பைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு. "அண்ணே, இதுல பேக்கிங் சரியில்லையாம். கம்பெனி திருப்பிக் கேக்குது."

மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தோம். அன்றிரவு அவள் நிம்மதியாகத் தூங்குவாள் என்று நினைத்தேன். தூங்கவில்லை.

ரிப்பேர்க்காரரோ பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்: "வீடு தேடி வந்து மாத்திக் குடுத்துச்சு. யாரு செய்வா?" கேட்கக் கேட்கச் சித்திக்கு உடம்பு கூசுகிறது. அடுத்த முறை வரும்போது சொல்லிவிடுவதாக என்னிடம் சொன்னாள். அவரும் வந்தார், போனார். போன வாரம் கடை ஷட்டர் பூட்டைச் சரிசெய்துவிட்டு, கூலி வேண்டாம் என்றார்.

"உங்ககிட்டப் போயி காசு வாங்குவேனா தங்கச்சி?"

சித்தி சாவியை வாங்கிக்கொண்டு, "வெயில் ஜாஸ்தி, இல்லண்ணே?" என்றாள்.

மன்னிப்பு இன்னும் பாக்கி.