ஈர்க்குக் கூண்டில் ஒரு யானை

மிருகக்காட்சிசாலையை நான் அதுவரை கண்ணால் பார்த்ததில்லை. பார்க்காததைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடு என்றால் என்ன செய்வது? அட்டைப்பெட்டி பொறுக்கப் போனேன்.

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த மறுவருடம் அது. காஜா பெராங் பகுதியில் ஓர் அத்தாப்பு ஓலைக் கொட்டகையில் பாலர் வகுப்பு நடந்தது. டீச்சரும் நான்தான், கொட்டகையைக் கூட்டுகிறவளும் நான்தான், மூக்குத் துடைத்துவிடுகிறவளும் நான்தான். விடிந்ததும் சோறாக்கி, கைப்பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஓடி வந்து சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். மீதி உயிரைப் பிள்ளைகள் எடுத்துவிடும்.

வகுப்பை நடத்திய கமிட்டியின் தலைவருக்கு ஜாலான் பெண்டஹாரா தெருவில் ஜவுளிக்கடை. ஒருநாள் அவர் வந்து, பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வரப்போகிறார் என்றார். இங்கே பிள்ளைகள் சும்மா விளையாடுகின்றன என்று மேலே புகார் போயிருக்கிறதாம். மிருகக்காட்சிசாலை மாதிரி ஒன்றைச் செய்துவைக்க வேண்டும், ஒவ்வொரு பிள்ளையும் ஒரு மிருகத்தின் பெயரைத் தமிழில் சொல்ல வேண்டும், ஒரு பிள்ளை வாய் திறக்காவிட்டாலும் வகுப்பை மூடிவிடுவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். கடையில் கூட்டமாம். எனக்கு மட்டும் என்ன, வெட்டிப் பொழுதா?

எந்தப் பிள்ளை வாய் திறக்காது என்று எனக்கு அப்போதே தெரியும். கம்போங் செட்டியிலிருந்து வந்த சிறுமி. பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய தமிழர்கள்; அவர்கள் வீட்டில் பேச்செல்லாம் மலாய்தான். மலாய்ப் பெண்களைப் போலச் சரோங் கெபாயா உடுத்திய அவள் அம்மா முதல் நாள் வந்து, எங்கள் கோயிலில் ஐயர் என்ன சொல்கிறார், என்ன பாடுகிறார்கள் என்று எங்களுக்குப் புரிவதில்லை, இவளுக்காவது புரியட்டும் என்று மலாயிலேயே என்னிடம் சொன்னாள். வேறு இடத்தில் சேர்த்துப் பார்த்திருக்கிறாள். தமிழ் தெரியாத தமிழச்சி என்று மற்ற பிள்ளைகள் கேலி செய்ததில் குழந்தை அழுது திரும்பிவிட்டது. என் வகுப்பை விட்டால் அவளுக்குப் போக்கிடம் இல்லை. ஆனால் வந்த நாளிலிருந்து ஒரு சொல் பேசவில்லை. வாயில் கொழுக்கட்டையா வைத்திருக்கிறாய் என்று கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது.

பிஸ்கட் அட்டையில் புலி வெட்டி, பிள்ளைகளைக் கரிக்கட்டியால் வரி போடச் சொன்னேன். புலியைவிடப் பிள்ளைகள்தான் வரிவரியாக வீட்டுக்குப் போயின. தேங்காய் மட்டையில் குரங்கு. தீப்பெட்டிகளை நூலில் கோத்துப் பாம்பு. ஈர்க்குகளை எண்ணி எண்ணி நட்டுக் கூண்டு கட்டினோம். எண்ணிக்கையும் படித்தாயிற்று, கூண்டும் ஆயிற்று. மரவள்ளி மாவில் காய்ச்சிய பசை எறும்புக்கு அல்வா. ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தை ஒரே இரவில் அரித்துத் தீர்த்துவிட்டன.

அதனால்தான் யானைக்கு வந்தபோது உஷாரானேன். பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கி உருட்டிக் கட்டி, மேலே தாள்தாளாக ஒட்டி, கடைசித் தாளுக்கு மட்டும் பசையில் மஞ்சள்தூளைக் கொட்டிக் கலக்கினேன். எறும்பு கிட்டே வராது. நல்ல யோசனை என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன். அந்தச் சிறுமி யானையை விட்டு நகரவே இல்லை. சரி, அவளுக்கு யானைதான் என்று முடிவுசெய்து, ‘யானை, யானை’ என்று தினமும் காதில் ஓதினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் போய்ப் பார்த்தால் யானையின் நெற்றியில் குங்குமம், தலையில் செம்பருத்தி. பிள்ளைகளை விட வந்த அம்மாமார்களின் வேலை. இது பாடத்துக்குச் செய்த பொம்மை என்று சத்தம் போட்டேன். அவர்களில் ஒருத்தி அசையவே இல்லை.

“மஞ்சள்ல புடிச்சா அது புள்ளையார்தான் டீச்சர். நாங்களா புடிச்சோம்? நீங்கதான புடிச்சீங்க.”

எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. இன்னொரு யானை செய்ய நாளும் இல்லை. அவர்கள் போனதும் குங்குமத்தோடேயே அதைக் கூண்டில் வைத்து அடைத்தேன்.

இன்ஸ்பெக்டர் வந்தார். தமிழர்தான், நல்ல மனிதர். புலி, குரங்கு, பாம்பு என்று பிள்ளைகள் கணீரென்று சொல்லின. தலைவர் முகம் மலர்ந்தது. சிறுமியின் முறை வந்தது. அவள் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து ஈர்க்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டாள். பிறகு எழுந்து, நெற்றிப்பொட்டில் குட்டிக்கொண்டு, காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போட்டாள்.

இது என்ன மிருகம் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“சாமி.”

அந்த வகுப்பில் அவள் பேசிய முதல் தமிழ்ச் சொல். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பொறுமையாக மறுபடி கேட்டார். மறுபடியும் சாமிதான். நான் மிருகங்களைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கிறேனா, சாமி கும்பிடச் சொல்லிக்கொடுக்கிறேனா என்று என்னைக் கேட்டார். எறும்புக்காகத்தான் மஞ்சள் போட்டேன் என்றேன். சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டேதான் எழுதிக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் தலைவர் வந்து, மாத முடிவோடு வகுப்பு கிடையாது என்றார். புலியும் குரங்கும் அடுப்புக்குப் போயின. யானையை மட்டும் அம்மாமார்கள் விடவில்லை. பிள்ளையாரைக் குப்பையில் போடக்கூடாது, ஆற்றில் கரைத்தாக வேண்டும் என்றார்கள். சரி, அதையும் செய்து தொலைப்போம் என்று தூக்கிக்கொண்டு நடந்தேன். சிறுமி அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள்.

தாள் யானை முங்குமா? அமுக்க அமுக்க மேலே வந்தது. சேலையெல்லாம் சேறாகி முழங்கால் தண்ணீரில் நின்றேன். ஏன் இந்தப் பிழைப்பு என்றிருந்தது. கடைசியில் பசை இளகியது. குங்குமம் கரைந்தது, பூ மிதந்து போயிற்று, மஞ்சள் தாள் தோலைப் போலக் கழன்றது. உள்ளேயிருந்த பத்திரிகைத் தாளின் சாம்பல் நிறத்தில் தும்பிக்கையும் காதும் தெரிந்தன.

கரையில் நின்ற சிறுமி கையை நீட்டினாள்.

“டீச்சர், யானை” என்றாள்.