சைட்காரில் இருபது கிலோ அரிசி

வைஸ்மன்ஸ் ஃபெரிக்கு இறங்கும் தெருவில், குளிர்காலக் காலைகளில், கீழே ஆறு இருப்பதே தெரியாது. பள்ளத்தாக்கு முழுவதும் மூடுபனி நிரம்பியிருக்கும். வளைந்து வளைந்து இறங்கும் தெரு அதற்குள் போய் மறைந்துவிடும். சிட்னிக்கு வந்த நாளிலிருந்து நான் மோட்டார் சைக்கிளில் இறங்கிவரும் இறக்கம் இது. ஆனால் முதல் பல வருடங்களில் அந்தப் பனியைப் பார்த்த ஞாபகமே எனக்கு இல்லை. அடுத்த வளைவு மட்டும்தான் கண்ணில் இருந்தது.

அப்போது நான் விரும்பியவை எல்லாம் வேகமான மோட்டார் சைக்கிள்கள். வயிறு எண்ணெய்த்தாங்கியில் படியக் குனிந்து ஓட்ட வேண்டும். பின்னால் ஆள் இருக்கும் இடத்தை ஒரு மூடியால் மூடி, கால் வைக்கும் கட்டைகளையும் கழற்றி எறிந்துவிட்டேன். பாரம் குறையட்டும் என்று நண்பர்களுக்குச் சொன்னேன். உண்மை அதுவல்ல.

நாங்கள் பிளாக்டவுனில் குடியேறிய புதிதில், மனைவியை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டேன். ஊரில் பெண்கள் சேலையோடு இரண்டு காலையும் ஒரு பக்கமாகப் போட்டுத்தான் இருப்பார்கள். ஏறுவதற்கு முன் அவள் கேட்டாள்.

“இஞ்ச இப்பிடி இருக்கலாமோ?”

“ஓம், ஓம். ஏறும், பூசைக்கு நேரமாகுது.”

கூடாது என்று எனக்குத் தெரியும். லைசென்ஸ் சோதனைக்குப் படித்திருந்தேன். பின்னால் இருப்பவர் இரண்டு பக்கமும் கால் போட்டுத்தான் இருக்க வேண்டும். ஆனால் பட்டுச்சேலையில் அவளை எப்படி அப்படி இருக்கச் சொல்வது? பெருந்தெருவில் பொலிஸ்காரர் மறித்தார். கோபமில்லாத மனிதர். நான்தான் பயந்துபோனேன். “நான் சொன்னேன், இவள்தான் கேட்கவில்லை” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

என் மனைவி ஊரில் ஆங்கிலம் படிப்பித்தவள்.

அவள் ஹெல்மெட்டைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு, அர்ச்சனைப் பையோடு பஸ் தரிப்பிடத்தை நோக்கி நடந்தாள். அதன் பிறகு அவள் ஏறவில்லை. நான் கூப்பிடவும் இல்லை. பின் இருக்கைக்கு மூடி வந்தது அப்போதுதான். எனக்கு அது வசதியாகவும் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைகள் என்னுடையவையாகின. பிள்ளைகளை ரியூசனுக்கும் பாட்டு வகுப்புக்கும் அவள் காரில் கொண்டுபோனாள். நான் வளைவுகளில் சரிந்துகொண்டிருந்தேன்.

பிறகு மணிக்கட்டு நோகத் தொடங்கியது. முழங்கால் மடங்க மறுத்தது. நிமிர்ந்து இருந்து ஓட்டக்கூடிய, முன்னால் கண்ணாடி வைத்த ஒன்றுக்கு மாறினேன். சேர்ந்து ஓட்டும் நண்பர் கூட்டத்தில் முன்னுக்குப் போனவன் நடுவுக்கு வந்து, கடைசியில் எல்லோருக்கும் பின்னால் வரத் தொடங்கினேன். அதுவும் பிடித்துத்தான் இருந்தது. மெதுவாகப் போனால் மழைக்குப் பிறகு யூக்கலிப்டஸ் இலை மணக்கும். தோடம்பழத் தோட்டங்களைக் கடக்கும்போது காற்றே இனிக்கும். மனம் கயிறு அவிழ்ந்த தோணிபோலப் போகும். அப்படிப் போகும்போது ஹெல்மெட்டுக்குள் பேச ஆரம்பித்தேன். அவளோடுதான். வீட்டில் எங்கள் பேச்சு குப்பைத்தொட்டி வெளியே வைக்கும் நாள், பிரஷர் மாத்திரை, பேரப்பிள்ளையின் சளி என்பதோடு முடிந்துவிடும். ஹெல்மெட்டுக்குள்ளோ ஆறும் பாறையும் மேகமும் எல்லாவற்றையும் அவளுக்குக் காட்டிக்கொண்டு போனேன். சில வேளை பின்னால் பாரம் இருப்பதுபோலத் தோன்றும். வளைவை நோகாமல் எடுப்பேன். பின்னால் வெறும் இருக்கைதான்.

ஓய்வுபெற்ற பிறகு சைட்கார் பூட்டிய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். பக்கத்தில் ஒற்றைச் சில்லோடு பூட்டிய பெட்டியில் எப்படியும் இருக்கலாம், சேலையோடும் இருக்கலாம். எதற்காக வாங்கினேன் என்று வீட்டில் சொல்லத் துணிவு வரவில்லை.

என்னோடு ஓட்டும், கெல்லிவில்லில் இருக்கும் மதுரைக்காரத் தம்பி அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

“என்ன அங்கிள் இது? பைக்கா, ஆட்டோவா? மீட்டர் எங்க?”

“நீர் ஏறும், காட்டுறன்.”

“ஐயோ, எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு அங்கிள்.”

அவர் பயந்ததிலும் நியாயம் இருந்தது. சைட்கார் சரியாது. வாழ்நாளெல்லாம் உடம்பைச் சரித்தே திருப்பிப் பழகியவன் மாட்டுவண்டி போல ஹாண்டிலை இழுத்துத் திருப்ப வேண்டும். பெட்டி வெறுமையாக இருந்தால், இடது பக்கம் திரும்பும்போது அதன் சில்லு நிலத்தைவிட்டுக் கிளம்பிவிடும். அதற்குப் பாரம் வைப்பார்கள். நான் குசினியிலிருந்து இரண்டு பத்துக் கிலோ அரிசிப் பைகளைக் கொண்டுவந்து, பெல்ற் போட்டுக் கட்டினேன்.

அவள் வாசலில் நின்று பார்த்தாள். “அரிசிக்கு ஹெல்மெட் வேண்டாமோ?”

“நீரும் ஒருநாளைக்கு வாருமன்” என்றேன். அவ்வளவு சின்னக் குரல் எனக்கு இருப்பது எனக்கே தெரியாது.

“அரிசியையே கூட்டிக்கொண்டு போட்டு வாங்கோ. அது ஒண்டும் கேளாது.”

பல மாதங்கள் அரிசியோடுதான் போய்வந்தேன். பிறகொரு ஞாயிறு காலை வெளியே வந்து பார்த்தால் பெட்டி வெறுமையாகக் கிடந்தது. குசினிக்குப் போய்க் கேட்டேன்.

“வீட்டில அரிசி முடிஞ்சுது. அதை எடுத்திட்டன்.”

“அப்ப நான் எப்பிடி ஓடுறது?”

அவள் அடுப்பை நிறுத்தினாள், சப்பாத்தைப் போட்டாள், சேலைக்கு மேலே என் பழைய தோல் ஜக்கெட்டை மாட்டினாள். “நான் இருக்கிறன். இருபது கிலோவிலும் கூடத்தானே.”

வைஸ்மன்ஸ் ஃபெரிக்குப் புறப்பட்டோம். இடது வளைவுகளில் அந்தச் சில்லு ஒருமுறைகூடக் கிளம்பவில்லை. பனிக்குள் இறங்கி ஆற்றங்கரைக்கு வந்து, வாகனங்களை ஏற்றி ஆற்றைக் கடக்கும் மிதவைப் பாதையில் ஏறி எஞ்சினை நிறுத்தினேன். இரு கரையும் தெரியவில்லை. மிதவையை இழுக்கும் இரும்புக் கயிறு தண்ணீருக்குள்ளிருந்து எழும்பி ஈரத்தோடு ஊர்ந்தது. நகர்கிறோமா, நிற்கிறோமா என்றே சொல்ல முடியவில்லை. ஹெல்மெட்டுக்குள் அத்தனை வருடம் சொல்லிப் பார்த்ததை வெளியே சொன்னேன்.

“அண்டைக்குப் பொலிஸ்காரனுக்கு நான் பொய் சொன்னனான்.”

அவள் ஹெல்மெட்டின் முகக்கண்ணாடியை உயர்த்தினாள். “தெரியும். ஆனா நீங்கள் அவனோட சேர்ந்து சிரிச்சனீங்கள். அதுதான்.”

“பிழைதான். மன்னிச்சுக்கொள்ளும்.”

அவள் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மன்னித்ததாகச் சொல்லவில்லை. அக்கரையில் மிதவையின் கதவு திறந்தபோது, “எடுங்கோ, பின்னால கார்கள் நிக்குது” என்றாள்.

அக்கரையில் தெரு ஆற்றோடு நெடுந்தூரம் நேராகப் போகும். வெயில் பனியைக் கலைத்துக்கொண்டிருந்தது. நான் எனக்குப் பிடித்த வேகத்தில், ஒவ்வொரு மரமாகப் பார்த்துக்கொண்டு போனேன். அவள் என் காலில் தட்டினாள்.

“இவ்வளவுதானோ ஓடும்?”

“இதுதான் சுகம். ஆற்றைப் பாரும்.”

“ஆற்றைக் காரிலயும் பாக்கலாம். இதுக்கே ஒவ்வொரு ஞாயிறும் எங்களை விட்டிட்டு ஓடினனீங்கள்? முந்தி ஓடினமாதிரி ஓடுங்கோவன்.”

எனக்கு இனி வேகம் பிடிக்காது என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது? அதை நான் தனியே அனுபவித்து, அலுத்து, விட்டுவிட்டு வந்திருந்தேன். அவளுக்கு அது இன்னும் தொடங்கவே இல்லை.

திருகினேன். வேகப்பிடியில் மணிக்கட்டு எரிந்தது. ஹாண்டில் இடது பக்கம் இழுத்தது, வண்டி முழுவதும் அதிர்ந்தது. அவள் சேலைத் தலைப்பை ஜக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு முன்னுக்குச் சாய்ந்தாள். ஏதோ சொன்னாள்; காற்று கொண்டுபோய்விட்டது. கேட்பதற்காக வேகத்தைக் குறைத்தேன்.

“குறைக்காதேங்கோ!” என்று கத்தினாள்.

மறுபடியும் திருகினேன். இன்னும் கொஞ்சத் தூரம் அப்படியே போனோம். பிறகு தெரு ஆற்றோடு வளைந்தது. குறைக்கத்தான் வேண்டியிருந்தது.