ஆரோக்கியமேரி அனுப்பிய ஸ்விஃப்ட் கோடு

ராயபுரம் கிளையில் அந்நியச் செலாவணி கவுன்டருக்கு நான் மாறிய முதல் வாரத்திலேயே ஆரோக்கியமேரி வந்தார். கப்பல் கம்பெனி அனுப்பிய மெயிலை போனில் திறந்து காட்டினார்.

"மேடம், இன்னாவோ ஸ்விஃப்ட் கோடு கேக்கறாங்க. அது இன்னா?"

அவருடைய கணவர் சேவியர் சரக்குக் கப்பலில் இன்ஜின் ரூம் ஃபிட்டர். நடுக்கடலில் தவறி விழுந்துவிட்டார். தேடியும் உடல் கிடைக்கவில்லை. இழப்பீடு அனுப்பத்தான் கம்பெனி வங்கி விவரம் கேட்டிருந்தது.

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்காகச் சொல்கிறேன். வெளிநாட்டிலிருந்து பணம் வர ஐஎஃப்எஸ்சி மட்டும் போதாது, ஸ்விஃப்ட் கோடு வேண்டும். முதல் நான்கு எழுத்து வங்கி, அடுத்த இரண்டு நாடு, அதற்கடுத்த இரண்டு ஊர். கடைசியில் இன்னும் மூன்று இருந்தால் அது கிளை. எங்களுடையது போன்ற சின்னக் கிளைக்குத் தனியாகக் கிடையாது. பாரிமுனைக் கிளையுடையதைத்தான் தருவோம். இதையேதான் அவருக்கும் விளக்கினேன்.

பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இத்த குடுத்தா அவரு செத்துட்டாருன்னு நான் ஒத்துக்கினதா ஆயிடுமா?" என்றார்.

பயிற்சி வகுப்பில் யாரும் கேட்காத கேள்வி. பொய் சொல்ல மனம் வரவில்லை. "கோடு எந்த பேங்க்னு மட்டும்தாம்மா சொல்லும். ஆனா பணம் வந்ததும், எதுக்கு வந்துச்சுன்னு நான் கேட்டாகணும். நீங்க கையெழுத்துப் போடணும்."

"அப்போ வேணாம் மேடம்."

சில வாரம் கழித்து, துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டும் சேவியரின் தம்பி லூர்து அவரை அழைத்து வந்தார்.

"அந்தக் கோட எங்கைல குடு மேடம், நான் அனுப்பிக்கிறேன். அண்ணி இப்டியே உக்காந்துகினு கீது. புள்ளைங்களுக்கு ஸ்கூல் ஃபீஸ் யாரு கட்டுவா?"

"கோடு ரகசியம் இல்லப்பா. ஆனா அக்கவுன்ட் அவங்களோடது. அவங்கதான் சொல்லணும்."

மேரி தலை நிமிரவில்லை. "பொதைக்கறதுக்குக்கூட ஒண்ணும் கெடைக்கலியே லூர்து. எத்த வெச்சு நான் நம்பறது?"

இருவரும் திரும்பிப் போனார்கள்.

அடுத்த மாதம் மேரி தனியாக வந்தார். "பெரிய பொண்ணு கேட்டுச்சு மேடம், நைனா எப்ப வரும்னு. வரும்னு சொல்லலாம்னு பாத்தேன். வாய் வரல."

கோடு எழுதித் தரச் சொன்னார். என் எதிரிலேயே உட்கார்ந்து ஒவ்வோர் எழுத்தாகத் தானே போனில் அடித்தார். என்னைச் சரிபார்க்கச் சொல்லிவிட்டு அனுப்பினார்.

பணம் வந்ததும் கூப்பிட்டேன். லூர்துவும் கூட வந்தார். மாத முதல் வாரம். ஹால் நிறையக் கூட்டம். கண்ணாடிக்கு உள்ளிருந்து, எதற்காக வந்த பணம் என்பதைப் படித்தேன்.

"காதுல வுயல மேடம், சத்தமா சொல்லு" என்றார் மேரி.

அந்த வார்த்தையை அத்தனை பேர் நடுவில் சத்தமாகச் சொல்ல என்னால் முடியவில்லை. எழுந்து வெளியே போய், அவரை பெஞ்சுக்கு அழைத்துப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னேன். "மரண இழப்பீடு."

மேரி பேனா கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார். உடைந்துபோனது லூர்துதான். "அண்ணா, அண்ணா" என்று சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். மேரி எழுந்து போய் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை, இப்படிப்பட்ட பணம் வந்தால் நான் கண்ணாடிக்கு உள்ளிருந்து பேசியதில்லை. எழுந்து வெளியே போய்விடுவேன். வரிசை காத்திருக்கட்டும்.