லீலா பெயர் கீறிய பூசணிக்காய்

எமர்ஜென்சி முடிந்த மறுவருஷம் ஆவணி மாதம், எங்கள் ஒரே மகள் லீலாவைப் பசுமலைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். ஒன்பது வயசு. இருதயக் கோளாறு. சபையே உபவாசம் இருந்து ஜெபித்தது. நானும் ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்கால் தேயக் கெஞ்சினேன். பிள்ளை பிழைக்கவில்லை. அதை மறைத்து உங்கள் முன்னால் நின்று சாட்சி சொல்ல எனக்கு வாய் வராது.

லீலா சும்மா இருக்கிற பிள்ளை இல்லை. படுக்கப் போட்டாலும் வாய் ஓயாது. கொல்லையில் பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடுகிற இடத்தில் பூசணி விதை ஊன்றியிருந்தாள். விளைந்ததைச் சபைக்குக் கொடுக்கும் அறுப்பின் பண்டிகைக்குத் தன் காணிக்கையாகப் படைக்க வேண்டுமாம். படைத்ததையெல்லாம் ஆராதனை முடிந்ததும் சபைக் கோயில் வேப்பமரத்தடியில் ஏலம் விடுவார்கள். எடுத்தவர்களே மறுபடியும் காணிக்கையாகக் கொடுப்பதால் ஒரே காய் பல தடவை ஏலத்துக்கு வரும்.

காய் கைப்பிடி அளவு இருந்தபோதே ஊக்கால் அதன்மேல் தன் பெயரைக் கீறிவிட்டாள்.

"காயைக் கெடுத்துட்டியேடி!" என்று கத்தினேன்.

"அப்பா, இத வேற யாரும் எடுத்துறக் கூடாது. நீங்கதான் எடுக்கணும்" என்று தன் அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்.

"ஒன் காயை விட்டுருவேனா தாயி?" என்று சிரித்தார் என் வீட்டுக்காரர்.

அடக்கத்துக்குப் பிறகு அவர் கோயில் வாசலை மிதிக்கவில்லை. மில்லுக்குப் போவார், வருவார், சுவரைப் பார்த்துப் படுப்பார். ஆயர் வந்தால் பின்வாசல் வழியாகச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். என்னோடும் பேச்சில்லை. சோறு இறங்காமல் ஆள் பாதியாகிவிட்டார். எனக்குப் பயம் வந்துவிட்டது. "ஆண்டவரே, மகளைக் கேட்டேன், நீர் தரவில்லை. இவரையாவது திருப்பித் தாரும்" என்று அழுதேன். வேறு ஜெபம் எனக்கு வரவில்லை.

காய் வளர்ந்தது. அவள் கீறிய எழுத்தும் கூடவே பெரிசாகிக்கொண்டு வந்தது. தண்ணீர் ஊற்றப் போகும்போதெல்லாம் அதைத் தடவிப் பார்ப்பேன்.

பண்டிகையன்று, "லீலா காயைக் கொண்டு போறேன்" என்று அவரிடம் சொன்னேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தனியாகத் தூக்கிக்கொண்டு போனேன்.

ஏலம் விடுகிற அண்ணன் காயைத் தூக்கினார். பெயரைப் படித்ததும் விலை கேட்க மறந்து என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒருவரும் ஏலம் கேட்கவில்லை. யாருக்கு மனசு வரும்?

"அண்ணே, அது எம் மக காய். நான் எடுக்குறேன்."

குரல் வந்த பக்கம் திரும்பினேன்; கோயில் கேட்டுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்தபடி என் வீட்டுக்காரர் நின்றார். உள்ளே வந்து, காயை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் குலுங்கிக் குலுங்கி அழுதார். அடக்கத்தன்றுகூட அவர் அழவில்லை. பிறகு காயைத் திரும்ப மேஜையில் வைத்தார். "மறுபடி விடுங்கண்ணே. புள்ள கோயிலுக்குன்னுதானே வளத்துச்சு."

எத்தனை பேர் எடுத்துத் திருப்பிக் கொடுத்தார்களோ, தெரியாது. கடைசியாக எடுத்தவர் எங்கள் கையிலேயே கொடுத்துவிட்டார். வீட்டில் கூட்டு வைத்தேன். மகள் போனபின் அன்றைக்குத்தான் அவர் வயிறாரச் சாப்பிட்டார். "இன்னுங் கொஞ்சம் போடு" என்று கேட்டாரே, அந்த ஒரு வார்த்தைக்கு நான் இன்றுவரை ஸ்தோத்திரம் சொல்கிறேன்.

கேட்டது கிடைக்காத பெற்றோர் இங்கேயும் இருப்பீர்கள். ஆண்டவரோடு பேசுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். கோபமாக வேண்டுமானாலும் பேசுங்கள். என் அழுகையை அவர் கேட்டார், உங்களுடையதையும் கேட்பார்.

அந்த விதைகளை நாங்கள் எறியவில்லை. வருஷா வருஷம் போடுகிறோம். இந்த வருஷமும் பிஞ்சு விட்டிருக்கிறது. நேற்று அவரே ஊக்கை எடுத்துக்கொண்டு போய் லீலா என்று எழுதிவிட்டு வந்தார். பண்டிகைக்கு எல்லோரும் வாருங்கள், ஏலம் கேளுங்கள். முதல் ஏலம் மட்டும் எங்கள் வீட்டுக்காரருக்கு.